கப்பலா கரையா: கோத்தகிரியில் ஐந்து நாள்

முதல் நாள்: மேட்டுப்பாளையம், குன்னூர், கோத்தகிரி

மலை ரயில் காலை 7.10-க்கு. ஆறரைக்கே நானும் அம்மாவும் என் பெண்ணும் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் மூட்டைகளோடு உட்கார்ந்துவிட்டோம். மாட்டுப் பொங்கல் அன்று இந்த ரயிலில் இடம் கிடைத்ததில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. முன்பதிவு திறந்த அன்றே அண்ணன் டிக்கெட் போட்டுவிட்டார். சொந்த வண்டியில் நீலகிரிக்குப் போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும். ரயிலுக்கும் அரசுப் பேருந்துக்கும் அது கிடையாது. ஒரு வேலை மிச்சம்.

பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போகிறோம் என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு வந்தேன். உண்மையில் போவது ஒரு பஞ்சாயத்துக்கு.

அம்மாவுக்கு வரும் பங்குனியில் எழுபது முடிகிறது. என்ன வேண்டும் என்று தீபாவளியன்று அண்ணன் போனில் கேட்டார். காசி, ராமேஸ்வரம் என்று ஏதாவது வரும் என்று நினைத்தோம். "பவளப்பாறையை உயிரோட ஒரு தடவை பார்க்கணும்டா" என்றாள் அம்மா.

உயிரோடு என்று ஏன் சொன்னாள் என்பது எங்களுக்குத் தெரியும். அவள் பிறந்தது மண்டபத்துக்குப் பக்கத்தில். அந்த வீட்டுச் சுவரே கடல்கல்தான், அதாவது பெயர்த்தெடுத்த பவளப்பாறை. ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையோரத்தில் அந்தக் காலத்தில் அது சர்வ சாதாரணம். வள்ளத்தில் போய்க் கடப்பாரையால் பெயர்த்துக்கொண்டு வருவார்கள். நல்ல கல் சுவருக்கு, மிச்சம் காளவாயில் வெந்து சுண்ணாம்பாகும். "பூச்சு உதிர்ந்த இடத்துல நட்சத்திரம் நட்சத்திரமா குழி இருக்கும். அதுல விரலை வச்சுக்கிட்டுத்தான் தூங்குவேன்" என்று எங்களுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறாள். கல்யாணமாகிக் கொங்குப் பக்கம் வந்தபிறகு கடலே அபூர்வம்.

சரி, பார்க்கலாம் என்று முடிவானது. எப்படி என்பதில்தான் சண்டை. அண்ணன் கப்பல் கட்சி. கொச்சியில் ஏறினால் லட்சத்தீவு, சாப்பாடு படுக்கை எல்லாம் உள்ளேயே, அம்மா அலைய வேண்டாம். நான் கரைக் கட்சி. ரயிலில் போய் இறங்கி, ஒரு இடத்தில் தங்கி, வெயில் பார்த்துக் காற்று பார்த்துப் படகு ஏறலாம் என்பது என் வாதம். இரண்டு மாதம் போனிலேயே வழக்கு நடந்தது. கடைசியில் அண்ணிதான், "எல்லாரும் இங்க வாங்க, உட்கார்ந்து பேசி முடிச்சிருவோம். மலைப்பாதையில அத்தைக்குத் தலை சுத்துதான்னும் பார்த்துக்கலாம்" என்றார்.

ரயில் அந்தப் பரீட்சைக்கு உதவவில்லை. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்பு தொடங்குகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளுகிறது. பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏற்றம். குன்னூர் வரை 1899-இல் ஓடத் தொடங்கிய வண்டி, ஊட்டிக்கு 1908-இல் நீண்டது. மொத்தமே 46 கிலோமீட்டர். அதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். இந்த வேகத்தில் யாருக்குத் தலை சுற்றும்? ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றபோது அம்மா இறங்கி டீ குடித்து, வடையும் தின்று, குரங்குக்குப் பயந்து ஓடிவந்து ஏறினாள்.

குன்னூரில் இறங்கினோம். அண்ணன் ஜீப்போடு நின்றிருந்தார். கோத்தகிரி போய்ச் சேரும் வரை ஒருவரும் கடலைப் பற்றிப் பேசவில்லை. அண்ணி மேரக்காய்க் கூட்டு வைத்திருந்தார். குளிருக்கு அதைச் சுடச்சுடச் சோற்றில் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, ஏழு மணிக்கே கம்பளிக்குள் புகுந்துவிட்டோம்.

இரண்டாம் நாள்: ஊட்டி

காணும் பொங்கலன்று ஊட்டிக்குப் போகலாம் என்று யோசனை சொன்னவர் என் அண்ணன். இதை இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

வாடகை வேன். ஓட்டுநர் கையில் ஆறு "பாயிண்ட்" எழுதிய அட்டை. ஒவ்வொன்றுக்கும் நிமிடக் கணக்கு. தொட்டபெட்டாவுக்கு அரை மணி, தாவரவியல் பூங்காவுக்கு ஒரு மணி, ஏரிக்கு முக்கால் மணி. இன்னும் ஒரு டீ பேக்டரி, ஒரு சாக்லேட் கடை, ஒரு ரோஜாப் பூங்கா.

தொட்டபெட்டா சந்திப்புக்கு முன்பே பரீட்சை முடிவு வந்துவிட்டது. வளைவுகளில் அம்மா கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் பாட்டு போட்டுக்கொண்டு வந்தார்கள். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தது நான். அண்ணன் முதுகைத் தடவிக்கொண்டே, "கப்பல் வேண்டாம் வேண்டாம்னு நீ ஏன் சொன்னேன்னு இப்பத்தான் புரியுது" என்றார். அது காரணம் இல்லை என்று சொல்லக்கூடத் தெம்பில்லை. அண்ணி கைப்பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார். அதை முகர்ந்துகொண்டே மிச்ச வழி.

2,637 மீட்டர் உயரத்தில், தமிழ்நாட்டின் உச்சியில், நான் பார்த்தது மனிதத் தலைகளை. தொலைநோக்கிக்கு வரிசை, பஜ்ஜிக்கு வரிசை, படம் எடுக்க வரிசை. மேகம் விலகி மைசூர்ப் பக்கம் ஒரு நிமிடம் தெரிந்தது. அதற்குள் ஓட்டுநர் ஹார்ன் அடித்துவிட்டார். பூங்காவில் இரண்டு கோடி ஆண்டு பழைய கல்மரம் ஒன்று கிடக்கிறது. அதற்கு முன்னால் நாங்கள் நின்றது இரண்டு நிமிடம்.

ஏரியில்தான் கொஞ்சம் நிதானம் கிடைத்தது. சல்லிவன் துரை காலத்தில் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி. மோட்டார் படகில் அம்மா ஓரமாக உட்கார்ந்து தண்ணீருக்குள்ளேயே பார்த்துக்கொண்டு வந்தாள். "என்னம்மா தெரியுது?" என்றேன். "ஒண்ணுமே தெரியலையே. பச்சைச் சுவர் மாதிரி இருக்கு" என்றாள். அவள் மனசு எங்கே இருக்கிறது என்று புரிந்தது.

திரும்பும் வழியில், வயிறு காலியாக இருந்த தைரியத்தில், என் வாதத்தைச் சொன்னேன். அண்ணன் பிடித்துவைத்திருப்பது 'சமுத்திரம்' என்ற பயணத் திட்டம். எம்.வி. கவரத்தி கப்பலில் ஐந்து நாள். கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று மூன்று தீவு. பகலில் தீவு, இரவில் கப்பல். காலையில் இறக்கிவிட்டுச் சாயங்காலம் ஏற்றிக்கொள்வார்கள். அந்தப் பகலுக்குள் சாப்பாடு, உள்ளூர் நடனம், கலங்கரை விளக்கம், அதற்கு நடுவே கடலுக்குள் பார்வை. இன்றைக்கு வேனில் நடந்ததுதான் அங்கே தண்ணீரில் நடக்கும் என்றேன்.

"மினிக்காய் கலங்கரை விளக்கம் 1885-ல கட்டுனது. அதைப் பார்த்தா என்ன குறைஞ்சு போச்சு?" என்றார் அண்ணன். குறையாது. ஆனால் எழுபது வயதில் அம்மா கேட்டது கலங்கரை விளக்கம் இல்லையே.

இன்னொன்றும் சொன்னேன். என்னோடு வேலை பார்க்கும் ஓர் அக்கா குடும்பத்தோடு ஒரு தனியார் சொகுசுக் கப்பலில் லட்சத்தீவு போய்வந்தார். பெரிய கப்பல் பவளப்பாறைக்குப் பக்கத்தில் போகவே முடியாது. பாறை இருப்பது வெளிச்சம் எட்டும் ஆழமில்லாத தண்ணீரில். கப்பலுக்கு வேண்டியது ஆழம். அதனால் அது வெளிக்கடலிலேயே நின்றுவிடும். அங்கிருந்து சின்னப் படகுக்கு மாறித் தீவுக்குப் போக வேண்டும். அன்றைக்குக் கடல் கொந்தளிப்பு. படகு இறக்கவில்லை. தூரத்தில் பச்சைக் கோடாகத் தெரிந்த தீவைக் கப்பல் மொட்டைமாடியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அவர் காட்டிய படங்களில் பாதி கேக், மீதி நீச்சல்குளம்.

"நீச்சல்குளமா?" என்றாள் என் பெண். அந்த நிமிடத்தில் ஓர் ஓட்டு அண்ணன் பக்கம் போனது.

மூன்றாம் நாள்: லாங்வுட் சோலை

இன்றைக்கு வேன் கிடையாது. கோத்தகிரியிலேயே இருக்கும் லாங்வுட் சோலைக்கு அனுமதி வாங்கிப் போனோம். வெறும் 116 ஹெக்டேர் காடு. சுற்றிலும் தேயிலையும் வீடுகளும் நெருக்க, நடுவில் அது மட்டும் இருட்டாக நிற்கிறது. இதிலிருந்து கசியும் தண்ணீரைத்தான் கீழே பல ஊர்கள் குடிக்கின்றன. 2024-இல் இதை ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள்.

கூட வந்த வனக் காவலர் அதிகம் பேசாதவர். மண்டபத்துக்காரி என்று அம்மா சொன்னதும் மட்டும் முகம் மலர்ந்தார். "உங்க மன்னார் வளைகுடாவும் ராம்சார்தாம்மா. எங்களுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே வாங்கிட்டீங்க" என்றார். ஏதோ அம்மாவே போய் வாங்கிவந்த மாதிரி அவள் தலையாட்டினாள்.

மரங்கள் ஒன்றும் பெரிய உயரம் இல்லை. குடைபோல் கவிந்து, கிளையெல்லாம் பாசியும் பெரணியும் போர்த்திக்கொண்டு நிற்கின்றன. துளிர்கள் சிவப்பு. பிள்ளைகள் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "இங்க என்ன இருக்கு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

"உட்காருங்க. பத்து நிமிஷம் வாயைத் திறக்காம இருங்க. அதுவா வரும்" என்றார் காவலர்.

உட்கார்ந்தோம். அண்ணன் மட்டும் இரண்டு தடவை போனை எடுத்துப் பார்த்தார். முதலில் அசைந்தது பெரணிக்குக் கீழே கிடந்த சருகு. அதிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பறவை, கறுப்புத் தலை, ஆரஞ்சு உடம்பு. ஈப்பிடிப்பான் வகை என்று காவலர் கையால் ஜாடை செய்தார். பிறகு மேலே யாரோ கூட்டமாகச் சிரித்த சத்தம். அது நீலகிரிச் சிரிப்பானாம். வெள்ளைப் புருவம் எழுதிய நான்கைந்து பறவைகள் கிளையிலிருந்து கிளைக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தாவிப் போயின. அந்த மரத்தைத்தான் பத்து நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு உடனே அண்ணனைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும், என்ன சொல்லப்போறேன்னு தெரியும். பேசாதே, காவலர் திட்டுவார்" என்று வாயசைத்தார்.

ஆனால் அண்ணன் மனசை அசைத்தது சிரிப்பான் இல்லை. திரும்பும் வழியில் ஒரு மரம் விழுந்து பாதையை மறித்துக் கிடந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. பிள்ளைகள் தாண்டிக் குதித்தார்கள். அம்மா ஒரு காலைத் தூக்கி மேலே வைத்தாள், அடுத்த காலை எடுக்க முடியவில்லை. பிடித்துக்கொள்ள ஏதுமில்லாமல் கை காற்றில் துழாவியது. அண்ணன் ஓடிவந்து ஒரு பக்கம், காவலர் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி இறக்கினார்கள். மூட்டுவலி என்று போனில் சொல்லும்போது இந்த அளவு என்று அவள் சொன்னதில்லை.

கப்பலிலிருந்து படகுக்கு மாறும் இடம் எப்படி இருக்கும் என்று ராத்திரி அண்ணன் வீடியோ தேடிப் பார்த்தார். கப்பலின் பக்கவாட்டுக் கதவு திறந்திருக்கிறது. கீழே படகு அலையில் ஏறி இறங்குகிறது. அது மேலே வரும் கணத்தில் சிப்பந்திகள் கையைப் பிடித்து, "இப்ப" என்கிறார்கள். கால் வைக்க வேண்டும். தீவுக்காரர்கள் குழந்தை குட்டியோடு அனாயாசமாகத் தாண்டுகிறார்கள். ஒரு நாளைக்கு இறங்க ஒரு தடவை, ஏற ஒரு தடவை. மூன்று தீவுக்கு ஆறு தடவை.

அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்தார். "விமானத்துல அகத்தி போயிரலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். லட்சத்தீவில் விமானம் இறங்கும் தீவு அது.

நான்காம் நாள்: பள்ளத்தோட்டம், பிறகு போன்

விடியற்காலை அண்ணியின் அப்பா வீட்டுக்குப் போனோம். ஒன்றரை ஏக்கர் தேயிலை, பாதி பள்ளத்தில். ராத்திரி குளிர்ந்த காற்று வடிந்துவந்து பள்ளத்தில்தான் தேங்குமாம். புல்லெல்லாம் உப்புத் தூவிய மாதிரி வெள்ளை. என் பெண் அதைச் சுரண்டிச் சுரண்டிப் படம் எடுத்தாள். பெரியவர் கொழுந்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "வெயில் ஏறட்டும், அப்பத்தான் எவ்வளவு கருகியிருக்குன்னு தெரியும்" என்றார். பச்சை இலைக்குக் கிடைக்கிற விலை பற்றியும் சொன்னார். அதை எழுதினால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

அண்ணன் மகன் ஒன்பதாம் வகுப்பு. பனியைப் பார்த்ததும் அவனுக்குப் பள்ளிக்கூடப் பாடம் நினைவுக்கு வந்துவிட்டது. "அப்பத்தா, இது குளிர்ல வெளுக்குது. பவளம் சூட்டுல வெளுக்கும்" என்று தொடங்கி, டீ குடிக்கும்போது பழைய கணக்கு நோட்டில் படம் போட்டே காட்டினான்.

பவளம் பாறை இல்லை, பிராணி. ஒரு குட்டிப் பை, மேலே வாய், வாயைச் சுற்றி விரல்கள். தனக்குக் கீழே சுண்ணாம்பில் ஒரு குழி கட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்திருக்கும். அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலில் சமைத்துப் போடுவதும், நிறம் கொடுப்பதும் அந்தப் பாசிதான். கடல் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தால் போதும், பவளம் பாசியை வெளியே துப்பிவிடும். நிறம் போய் எலும்பு தெரியும். அப்போதே செத்துவிடாது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பி வரும். தணியாவிட்டால் பட்டினியில் போய்விடும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 என்று பெரிய வெளுப்புகள். 2024-இல் உலகம் முழுவதும் நான்காவது தடவையாக வெளுப்பு என்று அறிவித்தார்கள்.

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு முழக் கல்லு வளர எத்தனை நாள் ஆகும்?" என்றாள்.

உருண்டையான வகை ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்றான் அவன். மனசுக்குள் கணக்குப் போட்டு, "நாற்பது, நாற்பத்தஞ்சு வருஷம் அப்பத்தா" என்றான்.

"எங்க வீட்டுச் சுவரே ரெண்டு ஆள் உசரம்" என்றாள். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

மத்தியானம் மாமாவுக்குப் போன் போட்டோம். அம்மாவின் தம்பி, இன்றைக்கும் மண்டபத்தில் படகு வைத்திருக்கிறார். ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம்.

"மாசி, பங்குனியில வாக்கா. வாடை ஓஞ்சிருக்கும், கச்சான் கிளம்பியிருக்காது. கச்சான் வந்துட்டா நம்ம ஆண் கடல் கலங்கிரும். கண்ணாடிப் படகுல உட்கார்ந்தாலும் நீராகாரம் மாதிரிதான் தெரியும்" என்றார். வாடை வடகிழக்குக் காற்று, கச்சான் தென்மேற்குக் காற்று. பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல். தீவுகள் இருப்பது ஆண் கடலில்.

குருசடைத் தீவுக்குக் குந்துகாலிலிருந்து வனத்துறை படகு விடுகிறது என்றும் சொன்னார். விவேகானந்தர் 1897-இல் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து கால் வைத்த இடம் குந்துகால். அங்கே படகுத்துறை இருக்கிறது, கையைப் பிடித்து ஏற்றிவிடலாம். எல்லாத் தீவிலும் இறங்க முடியாது. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை இருபத்தொரு தீவும் 1986-இலிருந்து தேசியப் பூங்கா. அதில் இரண்டு தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன. பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஆளில்லாமல் போனது. தூத்துக்குடிப் பக்கம் வான் தீவும் கரைந்துகொண்டே வந்து, கான்கிரீட்டில் செயற்கைப் பாறை செய்து இறக்கித்தான் அதை நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

"இப்ப யாரும் கல்லு எடுக்கிறதில்லையா?" என்று அம்மா கேட்டாள்.

"தொட்டாலே கேஸுக்கா. புலி, யானைக்கு என்ன சட்டமோ அதேதான் பவளத்துக்கும்." 2001-இலேயே பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

போனை வைத்தபிறகு அண்ணன் தன் கடைசி வாதத்தைச் சொன்னார். அது நல்ல வாதம், நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. லட்சத்தீவைச் சுற்றி ஆறு கிடையாது, சேறு கிடையாது. முப்பத்தாறு தீவையும் சேர்த்தாலே 32 சதுர கிலோமீட்டர்தான். பவளமே கட்டிய வளையத்துக்குள் காயல் கண்ணாடியாக நிற்கும். மண்டபத்தில் கரை பக்கத்திலேயே இருப்பதால் மணலும் வண்டலும் கலந்துகொண்டே இருக்கும். நல்ல நாளிலும் அந்தத் தெளிவு வராது. நிறம் பார்க்க வேண்டுமென்றால் லட்சத்தீவுதான், அல்லது அந்தமான். சென்னையிலிருந்து அந்தமானுக்கும் கப்பல் இருக்கிறது, ஏறத்தாழ மூன்று நாள். விமானத்தில் போனால் வண்டூரிலிருந்து ஜாலிபாய் தீவு, அங்கேயும் கண்ணாடிப் படகு உண்டு.

ஆக, கப்பலா கரையா என்று இரண்டு மாதம் சண்டை போட்டது பாதி வீண். கப்பலில் போனாலும் விமானத்தில் போனாலும் கடைசியில் ஒரு சின்னப் படகிலோ, நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீரிலோதான் குனிந்து பார்க்க வேண்டும். அந்த இடத்தில் எத்தனை நாள் இருக்கப்போகிறோம், காற்று சரியில்லையென்றால் அடுத்த நாளுக்குக் காத்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. கப்பல் காத்திருக்காது. என் ஆசையைக் கேட்டால், அகத்திக்கு விமானத்தில் போய், கடமத்து மாதிரி ஒரே தீவில் நான்கு நாள் கிடப்பேன். நீந்தத் தெரிந்தவர்களுக்கு அதுதான் சரி. கப்பலில் போக ஒரே காரணம் கப்பல்தான். நாலு பக்கமும் தண்ணீர், ராத்திரி மேல்தளத்தில் காற்று, அதுவும் சும்மா இல்லை. பிள்ளைகளுக்கு அது ஒரு தடவை வேண்டும்.

அம்மாவிடம் கேட்டோம். எங்கள் இரண்டு கட்சியையும் கேட்டுவிட்டு, பச்சை அவரையை உரித்துக்கொண்டே சொன்னாள்: "கலங்கலா இருந்தா இருந்துட்டுப் போகுது. எங்க தாத்தா கல்லு எடுத்த பாரை நான் பார்க்கணும். அதுல மிச்சம் இருக்கான்னு பார்க்கணும்."

பார் என்பது எங்கள் பக்கத்தில் கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டுக்குப் பெயர். இந்தச் சொல்லை அம்மா சொல்லி நான் கேட்டே பல வருடம் ஆயிற்று.

பங்குனியில் அம்மாவும் நானும் மண்டபம். கையில் நான்கு நாள், எந்த நாள் படகு என்று மாமா சொல்வார். 2025-இல் திறந்த புதுப் பாம்பன் பாலத்தையும் அம்மா பார்த்ததில்லை. அண்ணன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த வருடம் கப்பலில் போகிறார். என் பெண் அந்தக் கட்சிக்கே போய்விட்டாள். நீச்சல்குளப் படம் எடுத்த கப்பல் வேறு என்று இன்னும் யாரும் அவளிடம் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள்: இறக்கம்

காலைப் பேருந்து, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம். அண்ணி வர்க்கி இரண்டு பாக்கெட், தேயிலைத்தூள் இரண்டு கிலோ, எலுமிச்சம்பழம் நான்கு கொடுத்தனுப்பினார். பழம் எனக்கென்று தனியாகச் சொல்லிக் கொடுத்தார். அண்ணன் ஸ்டாண்ட் வரை வந்து, "படகுல போறப்ப வீடியோ கால் போடு" என்றார். அவருக்கும் வர ஆசைதான். பங்குனியில் தொழிற்சாலையில் கணக்கு முடிக்கிற நேரம், லீவு கிடைக்காது.

அம்மா ஜன்னலோரம். கொஞ்ச தூரம் போனதும் சுருக்குப்பையிலிருந்து டிக்கெட்டோடு சேர்த்து மடித்துவைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்தாள். பேரன் கணக்கு நோட்டில் போட்ட படம்.

"இதுல வாய் எது?" என்று என் பெண்ணிடம் கேட்டாள்.

"நடுவுல அம்மாச்சி. சுத்தி இருக்கிறதெல்லாம் விரல்."

"கீழ இருக்கிற இந்த நட்சத்திரக் குழி?"

"அதுதான் அது உட்கார்ந்திருக்கிற இடம். அதோட வீடு."

அம்மா ஆள்காட்டி விரலைப் படத்தின் மேல் வைத்தாள். பேருந்து ஒரு வளைவில் திரும்பியது, விரல் நகரவில்லை. "அது வீட்டுலயா நான் கையை விட்டுக்கிட்டுத் தூங்கினேன்" என்றாள்.

அதற்குப் பதில் யோசிப்பதற்குள் குஞ்சப்பனை வந்துவிட்டது. எனக்கு எலுமிச்சம்பழம் தேவைப்பட்டது.